கரைவலையும் எழுத்தும்

எழுத்தைத் தனியே உருப்போடாமல், பொருளுள்ள வாசிப்பினூடாகவே பிள்ளை வாசிக்கக் கற்க வேண்டும் என்பது முழுமொழி அணுகுமுறை. அமெரிக்கரான கென் குட்மன் இதன் முன்னோடி. 1987இல் இதனைத் தழுவிய கலிபோர்னியா, வாசிப்புப் பெறுபேறுகள் மோசமாயிருக்கக் கண்டு 1990களின் நடுவில் பின்வாங்கியது.

அதற்காக இக்கருத்தை முற்றாக ஒதுக்குவதும் தகாது. குர்ஆன் மதரசாவில் நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி அழகாக ஓதுகிறார்கள். பொருள் கேட்டால் மௌனம். ஓதலுக்கு அம்முறை பொருந்தும். தாய்மொழி வாசிப்புக்கு அது போதாது.

குட்மன் பேசியது ஆங்கிலத்தை வைத்து. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரிதும் ஒழுங்கானது. 247 எழுத்துகளையும் மனனம் செய்ய வேண்டியதில்லை. குறிகளின் ஒழுங்கைக் கண்டுகொண்டால் போதும். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கடலரிப்பில் கரை குறுகினாலும், 'கரைவலை' என்ற சொல் எங்கள் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதுகிறேன். 'ரை', 'லை' இரண்டிலும் ஒரே குறி முன்னிற்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். 'வாப்பா'வில் அரவு இருமுறை வரும். பொருளிலிருந்து எழுத்துக்கு இறங்கும் வழி இது.

எழுத்தைக் கைவிடும் முழுமொழி, புத்தகமில்லாத வீட்டுப் பிள்ளையையே முதலில் கைவிடுகிறது. வசதியுள்ளவர் பிள்ளைக்கு வீட்டிலும் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆளுண்டு. மீனவர் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை.