தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்: மான்செஸ்ரர் றொக் இசைத்தொகுதி ஒன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

சங்கத் தொகைநூல்களின் வரலாற்றை எடுத்துரைக்குமிடத்துத் தொகுத்தாரையும் தொகுப்பித்தாரையும் வெவ்வேறாகச் சுட்டுவது தமிழ் மரபு. ஐங்குறுநூற்றைப் பாடிய புலவர் ஐவர். தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடுதல், தேர்ந்து கோத்தல், அதற்கு ஆதரவளித்தல் ஆகிய மூன்றும் மூன்று வேறு சமூக நிலைகளிலிருந்து நிகழ்பவை என்ற உண்மை இம்மரபினுட் பொதிந்துள்ளது. இவ்வுண்மை ஏட்டுத் தொகைகளுக்கு மட்டுமன்றி இசைத்தட்டுத் தொகைகளுக்கும் பொருந்துவதாகும். அதனை விளக்கும் பொருட்டு, பிரதேச றொக் இசைக்குழுக்கள் பலவற்றை வெளியுலகுக்கு அறிமுகஞ் செய்த ஒரு தொகுதியை ஈண்டு நோக்கலாம்.

மான்செஸ்ரர் நகரின் கொலிஹேர்ஸ்ற் பகுதியில் இலெக்ற்றிக் சேர்க்கஸ் என்னும் இசையரங்கு இருந்தது. 1977 ஒக்ரோபர் 1ஆம், 2ஆம் திகதிகளில் அங்கு இறுதி நிகழ்ச்சிகள் நடைபெற்றன. அவ்வேளை பதிவுசெய்யப்பட்டவற்றிலிருந்து எட்டு உருப்படிகளைத் தேர்ந்து, ‘ஷோர்ட் சேர்க்கிட்’ என்ற பெயரில் பத்து அங்குல இசைத்தட்டாக 1978 யூனில் வேர்ஜின் நிறுவனம் வெளியிட்டது. த ஃபோல், ஜோய் டிவிஷன், த ட்றோன்ஸ், பஸ்கொக்ஸ், ஸ்ரீல் பல்ஸ் ஆகிய ஐந்து குழுக்களும், ஜோன் கூப்பர் கிளார்க் என்னும் சல்போர்ட் கவிஞரும் இதில் இடம்பெற்றனர். தொகுப்பித்தோர் இலண்டன் மூலதனத்தினர். பாடினோர் பெரும்பாலும் வடபுலத்துத் தொழில் நகரத்து இளைஞர்.

இத்தகைய வெகுசன இசையை முதலாளித்துவச் சீரழிவின் வெளிப்பாடு எனத் தள்ளிவிடுவது மார்க்சியத் திறனாய்வாளரிடையே எளிதிற் காணப்படும் போக்காகும். வெகுசன இசை பற்றி 1941இல் எழுதிய அடோர்னோ, அது தரப்படுத்தப்பட்ட பண்டமென்றும், அதிற் காணப்படும் தனித்தன்மை போலியானதென்றும் வாதிட்டார். மூடப்படும் அரங்கின் இறுதிக் கூக்குரலையே விற்பனைப் பொருளாக்கிய இத்தொகுதி அவரது கூற்றை ஓரளவு மெய்ப்பிக்கவே செய்கின்றது. ஆயினும், பண்டமாயிற்று என்பதனோடு ஆய்வு முற்றுப்பெற்றுவிடுமாயின், அப்பண்டத்துள் உறைந்துள்ள உழைப்பையும் வாழ்வையும் பற்றி நாம் எதுவுமே கூறியவராகோம்.

முதலாவதாக இடத்தை நோக்குவோம். ஏர்க் ஆற்றையொட்டியது கொலிஹேர்ஸ்ற். மான்செஸ்ரர்த் தொழிலாளரின் குடியிருப்புகளை நடந்து கண்ட ஏங்கெல்ஸ், 1845இல் வெளிவந்த தமது நூலில் அவ்வாற்றங்கரையின் இழிநிலையை விரிவாகப் பதிந்துள்ளார். பருத்தித் தொழிலால் எழுந்த அந்நகரம், 1970களில் அத்தொழிலின் வீழ்ச்சியால் நலிந்திருந்தது. பிரித்தானிய அரசு 1976இல் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் பெற்றுப் பொதுச்செலவைக் குறைத்தமை இந்நலிவை மேலும் கூர்மைப்படுத்தியது. த ஃபோல் குழுவின் மார்க் ஈ. ஸ்மித் துறைமுகத்தில் எழுதுவினைஞராக வேலைசெய்தவர். அவரும் கிளார்க்கும் தம் வடபுலப் பேச்சோசையை மறைக்காமலே மேடையேறினர். பேச்சுவழக்கை இலக்கியத்திற் கையாண்டோர் ‘இழிசனர்’ இலக்கியம் படைப்போர் எனப் பழிக்கப்பட்ட, 1960களின் மரபுப் போராட்டத்தை அறிந்த நமக்கு இதன் வர்க்கப் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக உற்பத்தி முறையை நோக்குவோம். இத்தொகுதியில் பஸ்கொக்ஸ் பாடும் ‘ரைம்ஸ் அப்’, அவர்களது ‘ஸ்பைரல் ஸ்க்ராச்’ தட்டில் 1977 ஜனவரியிலேயே வெளிவந்த பாடலாகும். கடன் வாங்கிய பணத்தில், நியூ ஹோர்மோன்ஸ் என்ற சொந்த அடையாளத்தின்கீழ், முதலில் 1000 பிரதிகளாக அத்தட்டு வெளியிடப்பட்டது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முறை பாடியபோது பதிவாயிற்று என்பது உறையிலேயே அச்சிடப்பட்டிருந்தது. உற்பத்தியின் இரகசியத்தை நுகர்வோனுக்குத் திறந்துகாட்டிய செயல் அது. அதே பாடல் வேர்ஜின் தொகுதியில் இடம்பெறும்போது பாடினோரே உற்பத்திச் சாதனத்தைக் கையாண்ட நிலை மறைந்துவிடுகின்றது. அதன் குரலும் மாறிவிட்டது: முன்பு பாடிய ஹவார்ட் டெவோட்டோ விலகியமையால் பீற் ஷெலி பாடுகின்றார். ஒரே பாடல் இரு உற்பத்தி உறவுகளுள் நிற்பதை இத்தட்டு நமக்குக் காட்டுகின்றது.

மூன்றாவது விடயமே மிக முக்கியமானது. ஜோய் டிவிஷன் குழு அன்று வோர்சோ என்ற பெயரிலேயே மேடையேறியது. அவர்களது பாடலின் தொடக்கத்தில், ஹிட்லரின் பிரதித் தலைவனாயிருந்த றுடோல்ஃப் ஹெஸ்ஸின் பெயர் மேடையிலிருந்து கூவப்படுவதைக் கேட்கின்றோம். இதே தட்டில்தான் பேர்மிங்காமின் ஹான்ட்ஸ்வேர்த்தைச் சேர்ந்த, கரிபியக் குடியேற்றக் குடும்பங்களில் வந்தோரின் றெகே குழுவான ஸ்ரீல் பல்ஸும் இடம்பெற்றுள்ளது. அக்கூவலை இளைஞரின் குறும்பு எனக் கடந்து செல்வது நேர்மையாகாது. அதனைக் கொண்டு குழுவினரைப் பாசிசவாதிகள் எனத் தீர்ப்பளிப்பதும் நியாயமாகாது. வேலையற்ற இளைஞரின் சினம் எத்திசையிலும் இழுத்துச் செல்லப்படக்கூடியதாயிருந்த ஒரு கணத்தின் சான்று அது. எரிக் கிளப்ரன் 1976 ஓகஸ்ற்றில் பேர்மிங்காம் மேடையிற் குடிவரவாளருக்கெதிராகப் பேசியதைத் தொடர்ந்து, இனவாதத்துக்கெதிரான றொக் இயக்கம் உருவாகியிருந்தது. 1978 யூலையில் அவ்வியக்கம் மான்செஸ்ரர் அலெக்சாண்ட்றா பூங்காவில் நடத்திய விழாவில் பஸ்கொக்ஸும் ஸ்ரீல் பல்ஸும் ஒரே மேடையில் இசைத்தன. வணிகத் தொகுதி பக்கத்தில் வைத்தவர்களை, போராட்டம் ஓரணியில் நிறுத்தியது. முன்னையது அடுக்கு, பின்னையது ஒற்றுமை. இரண்டும் ஒன்றல்ல.

பிற்கால வரலாறு இவர்களுள் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டது. 1979இல் வெளிவந்த முதல் நெடுந்தட்டாலும், 1980இல் இயன் கேர்ட்டிஸ் மறைந்தமையாலும் ஜோய் டிவிஷன் மேதைமையின் சின்னமாக்கப்பட்டது. த ட்றோன்ஸ் அவ்வளவு பேசப்படவில்லை. தனிமேதையை வழிபடும் முதலாளித்துவ அழகியலுக்கு இது இயல்பே. ஆனால் அந்த இரவுகளின் பதிவில் அவர்கள் ஒரே ஒலிபெருக்கியின் முன், ஒரே கூட்டத்தின் ஆரவாரத்துக்கிடையில் நிற்கின்றனர். கலையகத்திற் செப்பனிடப்பட்டிருப்பின் ஹெஸ்ஸின் பெயரும் கூட்டத்தின் குரலும் நீக்கப்பட்டிருக்கலாம். நேர்ப்பதிவு முரண்பாட்டை முரண்பாடாகவே விட்டுவைத்துள்ளது.

எனவே, அறியாத பிரதேசமொன்றின் கலைஞரை ஒரு தொகுதிவழி முதன்முறையாகக் கேட்கும்போது, யாவர் சிறந்தவர் என்று வினவுவதோடு நாம் நின்றுவிடலாகாது. யார் தொகுப்பித்தார், எவரது சினம் எவரது இலாபமாயிற்று, பக்கத்தில் வைக்கப்பட்டோர் பின்னர் எவ்விடத்தில் உண்மையாக ஒன்றுசேர்ந்தனர் என்பனவே வினவப்படவேண்டியவை. தொகையைத் தொகையாகவே வாசித்தல் என்பது இதுதான்.