விடியாத கிரகத்தில் பெரட்டு எத்தனை மணிக்கு?

நம் அறிவியல் புனைகதைகளில் விண்கலம் இருக்கிறது, வேற்றுக்கிரகவாசி இருக்கிறார். வானம் மட்டும் இல்லை. எழுதுகிறவர்களைக் கேட்டால், "தமிழ்ல வானியல் தகவல் எங்கங்க கிடைக்குது?" என்கிறார்கள். நான் இதை ஏற்பதில்லை. ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய 'ஏன் எதற்கு எப்படி' புத்தகமாகவே வந்துவிட்டது. 'திண்ணை' இணைய இதழில் சி. ஜெயபாரதனின் வானியல் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஸ்டெல்லேரியம் இலவச மென்பொருள். ஊரையும் தேதியையும் கொடுத்தால் அந்த இரவின் வானத்தைக் காட்டிவிடும்.

குறை, நாம் வாசிக்கும் விதத்தில். பிரமிக்கத்தான் வாசிக்கிறோம். "அம்மாடி, எவ்வளவு தூரம்!" என்பதோடு அந்த எண் செத்துவிடுகிறது. கதை எழுதுகிறவர் அடுத்ததைக் கேட்க வேண்டும்: அங்கே வாழ்கிறவருக்கு இதனால் என்ன ஆகும்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 4.5 பாகை. அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து நான்கைந்து பாகை உயரத்தில்தான் நிற்கும், எதிர்மலையே மறைத்துவிடும். இங்கே நாயகன் அதைப் பார்த்து வழி கண்டுபிடித்தால் கதை அங்கேயே படுத்துவிடும். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில், மேகம் விலகினால், தெற்கே தென்சிலுவை தெரியும். அதன் இடப்பக்கம் பிரகாசமாக இரண்டு நட்சத்திரங்கள். சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது ஆல்பா செண்டாரி.

அதன் கூட்டாளி பிராக்சிமா, வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் குள்ள விண்மீன், 4.24 ஒளியாண்டு தொலைவு. அதைச் சுற்றும் ஒரு கோளை 2016இல் அறிவித்தார்கள். அங்கே ஓராண்டு என்பது நமக்கு 11.2 நாள். அது எப்போதும் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியபடி சுற்றலாம் என்பது ஒரு கணிப்பு. அப்படியானால் ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் ஓயாத இரவு.

இனி கதை தொடங்கலாம். விடியலே இல்லாத தோட்டத்தில் பெரட்டு எத்தனை மணிக்கு? நாள் சம்பளத்தில் 'ஒரு நாள்' எங்கே முடிகிறது, அதை யார் சொல்வது, கங்காணியா துரையா? ஊருக்கு ஒரு சேதி அனுப்பினால் பதில் வர எட்டரை ஆண்டு. அதற்குள் எத்தனை சாவு, எத்தனை கல்யாணம்?

கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பு புரியாதா என்ன?