மலைக்கு உகந்த பொழுது எது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் வரை நீளும் தொழிற்பகுதியில் கார், லாரி, கைபேசி, கண்ணாடி எல்லாம் தயாராகின்றன. மலை மட்டும் இங்கே இல்லை என்பது பொதுவான நினைப்பு. மலையைப் படமெடுக்க விரும்பும் இளைஞர்கள் வார விடுப்புக்கு முந்தைய இரவே பைக்கைக் கிளப்பி ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போகிறார்கள். நாலு நாள் லீவு சேர்ந்தால் கொளுக்குமலை. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013-இல் ஒரகடத்தில் ஆலை தொடங்கியது. 2016-இல் ‘ஹிமாலயன்’ என்ற பெயரிலேயே ஒரு பைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏரியும் வயலுமாக இருந்த சமவெளிக்கு மலைமேல் இருக்கும் மோகம் புதிதும் அல்ல, தப்பும் அல்ல.

இந்தப் பயணங்களை ஒரு விதி நடத்துகிறது. மலையைப் படமெடுக்க வேண்டுமென்றால் சூரியன் எழும்போது எடு, அல்லது விழும்போது எடு. நடுவில் இருக்கும் பகலில் கேமராவைப் பைக்குள் வை. ‘கோல்டன் ஹவர்’ என்ற பெயரில் யூடியூப் பாடங்களிலும் புகைப்பட வகுப்புகளிலும் முதல் நாளே சொல்லித்தரப்படும் விதி இது. பருவமும் சேர்ந்தே சொல்லப்படுகிறது: இலையுதிர்காலம் சிறப்பு. நம் ஊரில் அது ஐப்பசி, கார்த்திகை. ஒளியைக் கவனிக்கப் பழக்குவதில் இந்த விதிக்கு இணை இல்லை. அதையே எல்லா நிலத்துக்கும் பொதுச் சட்டமாக்கும்போது நம் மலைகள் படத்திலிருந்து நழுவிவிடுகின்றன. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நிறை. அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, தலைக்கு மேலே இருக்கும்போது கடப்பதைப் போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. நிறத்தைவிட முக்கியமானது ஒளி விழும் சாய்வு. உச்சிவெயிலில் ஒரு மலைச்சரிவு தட்டையான பச்சைத் துணியாகத் தெரியும். சாய்வெயிலில் ஒவ்வொரு பாறை விளிம்பும் நிழல் வீசும்; ஓடைத்தடம், மடிப்பு, பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். உத்திரமேரூர் கல்வெட்டு போன்ற தேய்ந்த எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படிப்பது எளிது என்பதைக் கல்வெட்டு படிப்பவர்கள் அறிவார்கள். மலையின் உருவத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

பருவமும் உதவுகிறது. கோடை முழுக்கக் காற்றில் தொங்கிய தூசியை மழை கழுவிவிடுவதால், மழை விட்ட மறுநாள் தொலைவிலுள்ள முகடுகூடக் கூர்மையாகத் தெரியும். காற்று அழுக்காக இருந்தால்தான் அந்தி நன்றாகச் சிவக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். கீழ்க்காற்றில் மிதக்கும் புகையும் பெருந்துகள்களும் நிறத்தை மங்க அடிக்கின்றன. தீபாவளிக்கு மறுநாள் காலை சென்னைப் புறநகரில் கிழக்கே பார்த்தாலே இது விளங்கும். இன்னொரு நிறை, பழக்கம் தரும் ஒழுங்கு. இருட்டில் எழுந்து, டிரைபாடை நட்டு, ஒளி மாறுவதை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டு காத்திருப்பவர், கைபேசியை எடுத்ததும் தட்டிவிட்டுப் போகிறவரைவிடக் கூடுதலாகப் பார்க்கிறார். விதி தரும் பயிற்சி இது. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இந்த விதி இயற்கை எழுதியதல்ல. 1850-களின் இறுதியில் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் ட்ரைப், ராயக்கோட்டை மலையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் படமெடுத்து 1858-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அன்றைய நெகட்டிவ் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இணங்கும்; சிவப்பு அதற்கு இருட்டு. அந்திச் செம்மை அவருக்குப் பயன்படாத சரக்கு. வானம் வெறும் வெள்ளையாக விழுந்ததால் சில நெகட்டிவ்களில் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்தார். கல்லும் கோட்டையும் மரமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அவர் வேலை. செம்பொன் மலை என்ற ரசனை வண்ண ஃபிலிமோடு வளர்ந்தது. அமெரிக்க மலையேறியும் புகைப்படக்காரருமான கேலன் ரோவலின் ‘மௌன்டன் லைட்’ நூல் 1986-இல் வந்தது. நிறங்களை உண்மையைவிடத் தூக்கலாகக் காட்டிய ஃபியூஜியின் வெல்வியா ஃபிலிம் 1990-இல் வந்தது. நாம் இன்று விதி என்று படிப்பதில் பெரும்பகுதி அந்தக் காலத்தின், அந்த நாடுகளின் ரசனை.

அந்த நாடுகள் இருக்கும் அட்சரேகை வேறு. ஒரகடம் வடக்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக மேலேறும். நவம்பரில் அடிவானத்திலிருந்து 6 பாகை உயரத்தை எட்ட அதற்கு 26 நிமிடம்போலத்தான் ஆகிறது. அக்டோபர் நடுவில் ஆல்ப்ஸ் மலையில் 35 நிமிடம் பிடிக்கும். ஐஸ்லாந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ‘ஹவர்’ என்ற சொல் ஐஸ்லாந்துக்காரருக்கு முழுசாகப் பொருந்தும். நமக்குப் பாதிகூட இல்லை. இரவெல்லாம் வண்டி ஓட்டிப் போய் அந்த அரை மணியை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சப் பகலைத் தூங்கிக் கழிக்கச் சொல்லும் பாடம் நம் வானத்துக்குக் கட்டுப்படியாகாது.

பருவக் கணக்கும் இடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வங்கக்கடலிலிருந்து ஏறிவரும். கரையோர மாவட்டங்களில் பின்னிரவிலும் அதிகாலையிலும் மழை வலுப்பது வழக்கம். கிழக்கு வானம் திறந்திருக்க வேண்டிய நேரத்தில் அது மூடிக் கிடக்கும். இலை நிறம் மாறுவதும் அப்போது இல்லை. ஜவ்வாது மலை போன்ற இலையுதிர்க் காடுகள் இலை கொட்டுவது தை முடிந்து மாசி, பங்குனியில். புரசு செக்கச்செவேலென்று பூப்பதும் அந்தச் சமயத்தில்தான். கார்த்திகையில் நம் மலைகள் ஆண்டிலேயே அதிகப் பச்சையாக இருக்கின்றன. ஆனால் இணையத்தில் விற்கப்படும் ‘ஆட்டம்’ (autumn) ப்ரீசெட்டுகள் பச்சையைப் பிடித்துக் காவியாகவும் ஆரஞ்சாகவும் திருப்பிவிடுகின்றன. மழையில் நனைந்து நிற்கும் ஏலகிரியைக் கனடாக் காடுபோல மாற்றி ரீல்ஸில் போட்டால் லைக் வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்து அது தமிழ்நாட்டில் எந்த மாதம் என்று எவராலும் சொல்ல முடியாது.

பொழுதையும் நிலத்தையும் இணைத்து யோசித்த மரபு நம்மிடம் இருக்கிறது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் (ஐப்பசி, கார்த்திகை) முன்பனியையும் பெரும்பொழுதாகத் தருகிறது. ஆக இலையுதிர்காலமும் மலையும் பொருந்துவது நமக்கும் உடன்பாடு. ஆனால் சிறுபொழுதாகத் தொல்காப்பியம் தருவது யாமம், நள்ளிரவு. வைகறையும் விடியலும் மருதத்துக்கு, வெயில் சாயும் எற்பாடு நெய்தலுக்கு, மாலை முல்லைக்கு, நண்பகல் பாலைக்கு. இது அகப்பாடலுக்கான இலக்கணம், கேமராவுக்கான கையேடு இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயம்தான். இருந்தாலும் அதன் அடிப்படை எண்ணம் புகைப்படக்காரருக்கு நேராக உதவுகிறது: ஒவ்வொரு நிலத்துக்கும் தனியாக ஒரு பொழுது உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பொழுது இல்லை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் மேல் விடியலைப் படமெடுப்பவர்கள் தங்களை அறியாமலே அந்த இலக்கணத்தின்படி நடக்கிறார்கள். மேகம் படிந்த மலைக்காட்டையோ மழையில் கருத்த பாறையையோ எடுக்க மூடிய வானத்தின் பரவிய ஒளி பொருத்தமானது. சிவந்த வெயில் அங்கே ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடும்.

இந்த வட்டாரத்தில் மலை இல்லை என்ற நினைப்புக்கு இனி வரலாம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே சிறு குன்றுகளைத் தினமும் கடக்கிறார்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருநீலப் பாறைக்குச் ‘சார்னோகைட்’ என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் இந்த வகை என்பதால் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. உலகப் புவியியல் பாடநூல்களில் இடம்பிடித்த பாறை, நம் பேச்சில் வெறும் ‘புளூ மெட்டல்’. குன்றுகள் வெடிவைத்து உடைக்கப்பட்டு, எருமையூர் போன்ற இடங்களின் கிரஷர்களில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைபட்டு, சாலைக்கும் கட்டடத்துக்கும் போகின்றன. சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரிப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீர், 2017 வறட்சியில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீராகப் போனது. ஒரு மலை ஜல்லியாகிப் பிறகு கிணறாக மாறிய கதை அது.

இந்த மலையைப் பொன்னொளி என்ன செய்கிறது? பாதி வெட்டப்பட்ட குன்றை எதிர்வெயிலில் எடுத்தால் அது அழகான கரும்புறவடிவம். வெடிவைத்த முகத்தில் சாய்ந்த மஞ்சள் வெயில் விழுந்தால் அது கிராண்ட் கேன்யன் சாயலில் ஒரு பாறைச்சுவர். குவாரித் தண்ணீரில் சிவந்த வானம் பிரதிபலித்தால் இயற்கைச் சுனை. புகைப்படம் பொய் சொல்லவில்லை. ஒளி ஒன்றையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ஆனால் எந்தப் பொழுதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே எதைக் காட்டாமல் விடுகிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது. காலை பத்து மணி வெயிலில் அதே குன்று வெட்டுத் தழும்பும் தூசி படிந்த வேலிக்காத்தான் புதரும் லாரித் தடமுமாகத் தெரியும். அந்தப் படத்துக்கு லைக் குறைவு. அந்த மலையைப் பற்றிய தகவல் அதில்தான் அதிகம்.

வேறொரு முரணும் உண்டு. பல ஆலைகளில் முதல் ஷிப்ட் காலை ஆறு மணியை ஒட்டித் தொடங்குகிறது. கார்த்திகையில் சூரியன் எழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் வெளியே வருவதும், காலை ஷிப்ட்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதும் அந்தப் பொன் வெளிச்சத்தில் நடக்கின்றன. மலை ஒளியை ஆண்டு முழுக்கப் பார்க்கக் கூடிய இடத்தில் இருப்பவர்கள் இவர்களே. ஆனால் படமெடுக்கத் தகுந்த விடியல் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று விதி அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. அதை நம்பித் தூக்கம் கெட்ட கண்ணோடு பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவோடு இரவாகப் பைக் ஓட்டுவது ரசனையைத் தாண்டி உயிர்ப் பிரச்சினை.

காட்டின் பக்கமும் யோசிக்க வேண்டும். விடியலுக்கு உச்சியில் இருக்க வேண்டுமென்றால் இருட்டில் ஏற வேண்டும். அது யானையும் காட்டெருமையும் நடமாடும் நேரம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது புகைப்படத்தால் நேர்ந்ததல்ல. ஆனாலும் அதன் பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டியோடு செல்ல 40 பாதைகளைத் திறந்தது. முறையாகப் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பகல் வெளிச்சம். பகலில் படமெடுக்கத் தெரியாதவர் அங்கே ஒன்றும் கொண்டுவர மாட்டார்.

அப்படியானால் அந்திப் படங்களைக் கைவிட்டுவிடலாமா? அதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்ஸல் ஆடம்ஸின் ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ என்ற கறுப்பு வெள்ளைப் படம் பதில் சொல்கிறது. இலையுதிர்காலம், சூரியன் விழும் நேரம், பின்னால் மலைத்தொடர்: விதியின் எல்லா உறுப்புகளும் அதில் உண்டு. எடுத்த தேதியை ஆடம்ஸே மறந்துவிட்டார். நிலவின் இடத்தை வைத்து வானியலாளர்கள் 1941 நவம்பர் 1 என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஒளி போவதற்குள் ஒரே ஒரு நெகட்டிவ் எடுக்கத்தான் நேரம் இருந்தது. அந்தப் படத்தில் மலைத்தொடர் மெல்லிய ஒரு பட்டைதான். கடைசி வெயில் விழுவது நியூ மெக்சிகோவின் ஒரு சிற்றூர்க் கல்லறைச் சிலுவைகள் மீது. அந்த ஊரும் அந்த மண்ணும் அங்கே வாழ்ந்து செத்தவர்களும் படத்தில் இருக்கிறார்கள்; அவர்களைக் காட்ட ஒளி வேலை செய்கிறது. நாம் பார்க்கும் பெரும்பாலான பொன்னொளிப் படங்களில் வேலைப் பங்கீடு தலைகீழ்: ஒளியைக் காட்ட மலை வேலை செய்கிறது. எந்த மலையாக இருந்தாலும் அங்கே ஒன்றுதான்.

ஆகவே விதியின் நிறை குறையை அளக்க எளிய சோதனை ஒன்று போதும். எடுத்த படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் போன பிறகு அது ஏலகிரியா, ஜவ்வாது மலையா, ஒரகடத்தை ஒட்டிய ஒரு குவாரிக் குன்றா என்று அடையாளம் சொல்ல முடிந்தால், அந்த விடியலில் எழுந்ததற்குப் பலன் உண்டு. ஆடம்ஸின் படம் அந்தச் சோதனையில் தேறியே பிறந்தது. நிறத்தோடு மலையும் காணாமல் போனால், அதே இடத்துக்குப் பத்து மணி வெயிலில், கூசும் கண்ணோடு, இன்னொரு முறை போக வேண்டியதுதான்.