ஏட்டுச் சுவடியும் வார இதழும்: உ.வே.சா.வின் ஆய்வுப் பகிர்வு

ஆய்வின் பயன் ஆய்வாளர் வட்டத்தைக் கடந்து செல்லும் வழி யாது என்னும் வினாவிற்குத் தமிழிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 122 அத்தியாயங்களுடன் ஆசிரியர் மறைவால் நின்றது. தன்வரலாறாக அறியப்படும் அந்நூல், ஆய்வைப் பொதுவாசகர்க்கு எடுத்துரைத்த நூலாகவும் நோக்கத்தக்கது.

1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு ஆய்வின் முடிவைத் தருகிறது; தொடரோ அம்முடிவிற்கு முன்னிருந்த ஐயங்களைத் தருகிறது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் பழைய நூல்கள் குறித்து எழுப்பிய வினா, சிந்தாமணியின் சமயக் கருத்துகள் விளங்காமை, அவ்வூர்ச் சமணர்களை நாடிப் பொருள் கேட்டமை ஆகியன அதில் விரிகின்றன. பாடவேறுபாடு என்னும் சொல்லை அறியாதவரும் பதிப்பாசிரியரின் இடர்ப்பாட்டை உணர்கிறார். ஆய்வு நிகழ்ந்த முறையை ஒளிவின்றிக் கூறியமையே இவ்வெளிமைக்குக் காரணம் எனலாம்.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற புலவர்க்குக் கிட்டாத விளக்கம், தம் சமயநூலைப் போற்றிப் பயின்ற இல்லத்தாரிடம் கிட்டியது. எனவே, கல்விக்கூடத்திற்கு வெளியே உள்ளோர் ஆய்வைப் பெறுவோர் மட்டுமல்லர். ஆய்வுக்குத் தருவோரும் ஆவர்.

தொடருக்கு எல்லையும் உண்டு. 1894ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பு தாங்கிய பாடவேறுபாடுகளை வார இதழ் தாங்க இயலாது. ஆகவே ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது. உ.வே.சா. இரண்டையும் செய்தார். 1898இல் வெளியிட்ட மணிமேகலைப் பதிப்பிலேயே பௌத்தம் பற்றிய உரைநடைப் பகுதிகளை இணைத்துப் பயில்வோர்க்கு வழிசெய்தமை குறிப்பிடத்தக்கது.

இன்று மும்பை முலுண்டிலோ தாராவியிலோ வாழும் தமிழ் வாசகர்க்குத் தமிழகப் பல்கலைக்கழக ஆய்விதழ்கள் எளிதில் எட்டுவதில்லை. 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தால் பழந்தமிழ் மூலங்கள் இணையவழி அவர் இல்லத்தை அடைந்துள்ளன. அவற்றின்மேல் நிகழ்ந்த ஆய்வு அந்த அளவிற்கு அடையவில்லை. இவ்விடைவெளியைச் சான்றற்ற பெருமிதக் கூற்றுகள் எளிதில் நிரப்பிவிடுகின்றன. காலக்கணிப்பும் பொருள்கோளும் இவ்வாறு திரிபுறும்போது, ஆய்வுலகின் மௌனமும் அதற்குத் துணையாகிறது.

ஆதலின் ஆய்வாளர் ஒவ்வொருவரும் தம் ஆய்வேட்டுடன், தம் ஐயத்தையும் சான்றையும் தெளிவுறுத்தும் பொதுக்கட்டுரை ஒன்றனையும் எழுதுதல் வேண்டும். மூலச்சான்று கிடைக்குமிடத்தை அக்கட்டுரை சுட்டுதல் இன்றியமையாதது. அத்தகைய எழுத்தைத் தமிழ்த்துறைகள் ஆய்வுப் பணியாகவே மதித்தல் தகும்.