தானே பிரியும் அட்டவணை: ஒரு மதிப்பீடு

மந்தைவெளிக் கடிதத்தில் 600028 என்றிருந்தால், அதை மயிலாப்பூர் அஞ்சலகத்தில் தேட வேண்டுவதில்லை. வேலங்கர் வகுத்து 1972-இல் வந்த அஞ்சல் குறியீட்டைப் போன்றதே, கணிப்பொறியில் பெரிய தரவு அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் முறையும்.

ஆரக்கிள் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 11ஜி பதிப்பில், புதிய மாதத்தின் முதல் பதிவு வந்தவுடனே அதற்குரிய பகுதி தானே அமைந்துவிடும். மாதக் கடைசிதோறும் கையால் பகுதி அமைத்தவர்களுக்கு இது பெரும் விடுதலைதான், மறுப்பதற்கில்லை. (போஸ்ட்கிரெஸ் 2017-இல் பிரிவினைக்கெனத் தனிக் கட்டளை தந்தும், இவ்வசதியை உடன் தரவில்லை.)

ஆயினும் இம்முறையைத் 'தானியங்கி' என்பது சற்று மிகை. தேதியால் பிரிப்பதா, ஊரால் பிரிப்பதா என்பதை மனிதர்தாமே முதலில் சொல்லியாக வேண்டும்? மாதவாரியாகப் பிரித்த பத்தாண்டு அட்டவணையில் மந்தைவெளிக் கணக்குகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஊருக்கெனத் தனிச் சுட்டுவரிசை இல்லையேல், 120 பகுதிகளையும் இயந்திரம் ஒன்று விடாமல் புரட்டும்.