ஆளுக்கொரு டூல் பாக்ஸ்

ஓசூர் சிப்காட்டின் மெஷின் ஷாப்களில் ஆபரேட்டர்கள் கைக்கெட்டும் தூரத்தில் தங்கள் டூல் பாக்ஸை வைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஸ்பேனருக்காக எல்லோரும் ஸ்டோர் ஜன்னலில் வரிசை கட்டினால் ஷிப்டே வீணாகிவிடும். லினக்ஸ் கெர்னலுக்கும் இதே கணக்குதான். நொடிக்கு நொடி மாறும் எண்ணை எல்லா பிராசஸர்களும் ஒரே இடத்தில் எழுதினால், ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரதி.

இந்தத் தனிப் பிரதிகளுக்கு இடம் ஒதுக்க, கெர்னல் பொறியாளர் டேஜுன் ஹியோ 2009-ல் புதிதாக எழுதிய பெர்-சிபியு அலகேட்டர் நின்று ரசிக்கத்தக்கது. பிரதிகள் எல்லாம் ஒரே அமைப்பில் இருக்கும். தொடக்க முகவரி மட்டும் வேறு. 64 பிட் எக்ஸ்86 சிப்பில் அந்த முகவரியை ஜிஎஸ் ரெஜிஸ்டர் வைத்திருக்கிறது. தான் எத்தனையாவது பிராசஸர் என்று கேட்காமலேயே, ஒரே கட்டளையில் தன் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். இவ்வளவு சிக்கனமான வேலைப்பாடு கெர்னலுக்குள்ளேயே அபூர்வம்.

விர்ச்சுவல் மெஷினில்தான் இடிக்கிறது. ஓடுவது 4 பிராசஸர். பின்னால் 128 வரை சேர்க்கலாம் என்று, அந்த மெஷினை இயக்கும் ஹைப்பர்வைசர் சொல்லியிருக்கும். அந்த உச்ச எண்ணை கெர்னல் பூட் ஆகும்போதே முடிவு செய்து, எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிடுகிறது. 4 பைட் கவுன்ட்டருக்கு 16 பைட் போதும், போவது 512. கன்டெய்னர்கள் பெருகப் பெருக இத்தகைய கவுன்ட்டர்களும் பெருகும். நாலு பேர் ஷெட்டில் 128 டூல் பாக்ஸ்!

ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருவில், ஐபிஎம் பொறியாளர்கள், ஓடும்போதே பிராசஸரைச் சேர்க்கவும் விலக்கவும் உதவும் ஹாட்பிளக் பகுதியில் நெடுநாள் உழைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான கௌதம் ஷெனாயின் பூட்டு முறை 2008-ல் வந்த கெர்னல் 2.6.25 பதிப்பில் சேர்ந்தது. பிராசஸர் பட்டியலை எத்தனை பேரும் ஒரே நேரத்தில் படிக்கலாம். அவர்கள் முடிக்கும்வரை புதிதாக ஒன்று வரவோ, இருப்பது போகவோ முடியாது.

2021-ல் கெர்னல் பொறியாளர் பரத பி. ராவ் முன்வைத்த யோசனை, வீணாகும் அந்த மெமரியையே தொட்டது. முகவரி எல்லோருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கட்டும். நிஜ மெமரிப் பக்கங்கள் ஓடும் பிராசஸர்களுக்கு மட்டும். புதியது வந்தால், வேலையில் இறங்குமுன் அதற்கான பக்கங்களை நிரப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பூஜ்யம் போதாத இடங்களில், தொடக்க மதிப்பை எழுதித் தரும் பொறுப்பு இடம் கேட்டவருடையது.

வரவைவிடப் போவதில்தான் கைத்திறன் தெரியும். பிராசஸர் விலகும்போது அதன் பிரதியை அப்படியே எறிந்தால் மொத்தக் கணக்கு பிசகும். கெர்னலின் பெர்-சிபியு கவுன்ட்டர் அந்தப் பங்கை மையக் கணக்கில் சேர்த்து, பிரதியைப் பூஜ்யமாக்குகிறது. சில வரிகள்தான்; எதுவும் சிந்துவதில்லை.

எல்லா கோடும் அப்படியில்லை. ஓடாத பிராசஸருக்கும் பிரதி உண்டு என்று நம்பி, 128-ஐயும் சுற்றிவரும் லூப்கள் கெர்னல் முழுக்க இருக்கின்றன. நிரப்பாத பக்கத்தை அவற்றில் ஒன்று தொட்டாலும் மெஷின் விழுந்துவிடும். மெமரியை மிச்சம்பிடிக்குமுன் அந்த லூப்களை ஒவ்வொன்றாகப் படித்து, எது யாருடைய எண்ணை எதற்காகக் கூட்டுகிறது என்று பிரித்தாக வேண்டும்.