நெல்லுக்கு விட்ட பிள்ளை

தாத்தா தன் அப்பாவைப் பற்றி எங்களிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "நெல்லுக்கு என்ன விட்டுட்டுப் போயிட்டான்." எட்டு வயசில் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஆண்டை வீட்டில் மாடு மேய்க்க விடப்பட்டவர். சாகிறவரை அந்த 'போயிட்டான்' அவர் வாயில் 'போயிட்டார்' ஆகவே இல்லை.

டோனி மாரிசனின் 'எ மெர்சி' (2008) படித்தபோது இந்த வாக்கியம் திரும்பத் திரும்பக் குறுக்கே வந்தது. கதை நடப்பது 1680களிலும் 90இலும். மேரிலாந்தில் புகையிலைத் தோட்டம் வைத்திருக்கும் போர்ச்சுகீசியன், கடனை அடைக்க முடியாமல், பதிலுக்கு ஓர் ஆளை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். வடக்கே சிறு பண்ணை வைத்திருக்கும் ஜேக்கப் வார்க், கைக்குழந்தையோடு நிற்கும் ஒருத்தியைக் காட்டுகிறான். அவளோ தன்னை விட்டுவிட்டு மகளைக் கூட்டிப்போகும்படி மன்றாடுகிறாள். மகள் ஃப்ளோரன்ஸுக்கும் ஏறக்குறைய எட்டு வயசுதான். தம்பியை வைத்துக்கொண்டு அம்மா தன்னைத் தள்ளிவிட்டாள் என்றே கடைசிவரை நினைக்கிறாள்.

அமெரிக்க அடிமைமுறை என்றதும் நமக்குப் பருத்திக் காடும் சாட்டையும் ஞாபகம் வரும். மாரிசன் அதற்கு வெகுகாலம் முன்னால் போகிறார். கொள்ளைநோயில் ஊரையே இழந்த பூர்வகுடிப் பெண் லினா, ஒப்பந்தக் கூலிகளான வெள்ளையர் இருவர், விலைக்கு வந்த ஃப்ளோரன்ஸ் எல்லாரும் ஒரே பண்ணையைச் சுற்றி உழைக்கிறார்கள். வார்க் நல்லவன், ஆள் வியாபாரத்தை வெறுப்பவன். ஆனால் அவன் மாளிகைக்கான பணம் பார்படோஸ் கரும்பிலிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் சாகும் அடிமைகள் அவனை உறுத்துவதில்லை. அவன் செத்ததும், 'நல்ல எசமான்' என்ற நிழலில் ஒதுங்கியிருந்த பெண்கள் வெட்டவெளிக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த நல்ல ஆண்டை நமக்குப் புதியவன் இல்லை. மதராஸ் மாகாணத்து ஆங்கில அதிகாரிகள் பலர், இங்குள்ள அடிமைமுறை மென்மையானது என்றே எழுதிவந்தார்கள். 1843இன் ஐந்தாம் சட்டம், ஒரு மனிதர் இன்னொருவரின் உடைமை என்ற வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னதோடு சரி. யாரையும் தேடிப்போய் விடுவிக்கவில்லை. ரூபா விஸ்வநாத்தின் 'தி பரையா ப்ராப்ளம்' (2014) இந்த மென்மைக் கதையை நிதானமாகப் பிரித்துப் போடுகிறது.

அந்தச் சட்டம் வந்து 48 வருஷம் கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். கல்யாணச் செலவுக்கு வாங்கிய சின்னக் கடனுக்காகத் தலைமுறையாகக் கட்டுண்ட படியாட்கள் அதில் வருகிறார்கள். ஆனால் என்னை நிறுத்தியது கடனைவிட மனைதான். சேரியில் குடிசை நின்ற தரையே மிராசுதார் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால், வேறிடம் வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். திரமென்ஹீர் மனையுரிமையும் நிலமும் பள்ளியும் கேட்டார். 1892இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்தப் பஞ்சமி நிலம் பல இடங்களில் வேறு கைகளுக்குப் போனது. காரணையில் அதை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள்.

இதைப் படித்த பிறகு தாத்தாவின் வாக்கியம் எனக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. அறிக்கைக்கு அரை நூற்றாண்டு கழித்து விடப்பட்டவர் அவர். நெல்லுக்காக விட்டாரா, இல்ல, மிச்சமிருந்த நாலு பேரோட தலைக்கு மேல இருந்த கூரைக்காக விட்டாரா?

நாவலின் கடைசி அத்தியாயத்தில் அந்த அம்மா பேசுகிறாள். தோட்டக்காரனின் கண் மகள்மேல் விழத் தொடங்கியிருந்தது. வந்தவனோ அவளைக் காசாகப் பார்க்கவில்லை. அதனால்தான் கொடுத்தாள். இந்தப் பேச்சு ஃப்ளோரன்ஸின் காதுக்குப் போய்ச் சேரவே சேராது. அவளோ, எசமான் கட்டி முடித்த காலி மாளிகையின் தரையிலும் சுவரிலும் ராத்திரி ராத்திரியாக ஆணியால் கீறித் தன் கதையை எழுதிக்கொண்டிருக்கிறாள். சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லாதவள்.

எனக்கு ஒரு குறை உண்டு. அம்மாவும் மகளும் ஏறக்குறைய ஒரே கவித்துவ மொழியில் பேசுகிறார்கள். மாரிசனின் குரல் இருவர் மேலும் படிந்துவிடுகிறது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் இந்தச் சிக்கல் இல்லை. பண்ணையத்தில் விடப்பட்ட சிறுவன் கூளையனுக்கு ஆடும் வெயிலும் சேத்தாளிகளும் சொந்தம், அவன் பேச்சும் அவனுடையது. ஆனால் அங்கே பெற்றவர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். பிள்ளையின் காயம் நம்மிடம் இருக்கிறது. காரணம், ஒரு கலெக்டர் எழுதிய அறிக்கையில் கிடக்கிறது. கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்த அப்பனின் குரலைத்தான் நான் படித்த தமிழ் நாவல்களில் காணோம்.

ஒரகடம் பக்கம் வேலைக்கு வரும் வடமாநிலப் பையன்கள் பலர் ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொடுத்த அறையில் படுக்கிறார்கள். வேலை போனால் பாயும் போகும். இதை அடிமைத்தனம் என்று சொன்னால் தாத்தா பட்டதைச் சின்னதாக்கிவிடுவேன். ஆனால் கூரை யார் கையில் என்ற கேள்வி, மாடு மேய்ந்த இடமெல்லாம் ஆலைச் சுற்றுச்சுவர் எழும்பிய பிறகும் இங்கேயேதான் இருக்கிறது.

தாத்தா போய் ஒன்பது வருஷமாகிறது. ஒருவேளை 'போயிட்டார்' என்று சொல்லியிருக்கலாம் தாத்தா. அவருக்கும் இது கேட்காது.